நீடாமங்கலம் பக்கம் குடிநோயாளிகள் கூட்டம் எங்காவது நடக்கிறதா?

கேள்வி: ஜூன் 11

அப்பாவுக்கு 52 வயது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். சீசனில் கூலிக்காசில் குடிக்கிறார், சீசன் இல்லாத நாளில் கடன் வாங்கிக் குடிக்கிறார். கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் காலைக்கு ஒரு குவார்ட்டரை ராத்திரியே வாங்கி ஒளித்து வைத்துவிடுகிறார். குடியை நிறுத்துகிறவர்களுக்குக் கூட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டுத் தேடினேன். எல்லாம் சென்னை, கோயம்புத்தூர் என்றே வருகிறது. நம் டெல்டாவில் இதெல்லாம் கிடையாது, வசதியானவர்களுக்கான ஏற்பாடு என்றுதான் தோன்றுகிறது. எங்கள் ஊருக்குள்ளேயே ஒன்று நடந்தால் அழைத்துப்போவேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 12

இருக்கிறது தம்பி. நானே போய்க்கொண்டிருப்பவன். கும்பகோணம் – மன்னார்குடி சாலையில் பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பிச் சுருள் (காயில்) கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். மேட்டூர் திறக்கிற சமயம், எரிந்த மோட்டாரை ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் விட்டு விட்டுத்தான் எழுதுவேன்.

வசதியானவர்களுக்கான ஏற்பாடு என்பதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ.வுக்குக் கட்டணமே கிடையாது. சேர்க்கைப் படிவம் இல்லை, ஆதார் கேட்பதில்லை, முழுப்பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். போடுகிறவர் பத்தோ இருபதோ போடலாம், போடாதவரை யாரும் பார்க்க மாட்டார்கள். டீச் செலவும் இடத்து வாடகையும் அதிலிருந்துதான். வெளியாள் லட்ச ரூபாய் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்குவதில்லை என்பது ஏ.ஏ.வின் மரபு. எங்கள் கூட்டத்தில் கொத்தனார் இருக்கிறார், ஓய்வுபெற்ற வாத்தியார் இருக்கிறார், லாரி டிரைவர் இருக்கிறார். ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம்.

ஜூன் 12, இரவு

தேடுவது பற்றி. ஏ.ஏ. பெரிதாக விளம்பரம் செய்துகொள்வதில்லை. அதனால்தான் உன் கண்ணில் படவில்லை. இந்தியாவுக்கான பொதுச்சேவை அலுவலகம் மும்பையில் பைகுல்லாவில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு எண் கிடைக்கும். அந்த எண்ணில் எடுத்துப் பேசுகிறவரும் குடித்து நிறுத்தியவராகத்தான் இருப்பார். அவருக்கும் பிழைப்பு இருக்கும், மத்தியானம் எடுக்கவில்லை என்றால் ராத்திரி கூப்பிடு. இடமும் நேரமும் அடிக்கடி மாறும். பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது தேர்வு சமயத்தில் சர்ச் வளாகத்துக்குப் போயிருக்கும். பட்டியலைப் பார்த்துவிட்டு நேராகக் கிளம்பாதே, ஒரு தடவை பேசிவிட்டுப் போ.

இன்னொரு வழி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தஞ்சாவூரோ திருவாரூரோ, மனநலப் பிரிவு ஓ.பி.யில் இருக்கிற நர்ஸையோ சமூகப் பணியாளரையோ கேள். டாக்டரைவிட அவர்களுக்குத்தான் எந்தக் கிழமை எங்கே கூட்டம் என்பது அத்துப்படி. 14446 என்பது போதைமீட்புக்கான மத்திய அரசின் இலவச எண், அங்கேயும் கேட்கலாம்.

ஜூன் 13

குடிநோய் முகாம் நடந்த மஞ்சக்குடி எது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், குடவாசல் பக்கம் இருக்கிற அதே மஞ்சக்குடிதான். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை, அந்தக் கிராமத்துக்கே வந்து முகாம் போட்டுக் குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்தது. ஆளைச் சென்னைக்கு அழைத்துப்போகாமல், ஊரிலேயே தங்கவைத்து, வீட்டாரையும் கூட உட்காரவைத்துச் செய்தார்கள். பிற்பாடு பல ஊர்களுக்கு அதுதான் முன்மாதிரி. டெல்டாவில் ஒன்றும் கிடையாது என்கிற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மஞ்சக்குடி ஞாபகம் வரும்.

ஜூன் 15

தம்பி, நீ எழுதியதில் ஒரு வரி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. காலைக்கென்று ஒரு குவார்ட்டர் ஒளித்து வைக்கிறார் என்றாயே, அது. அப்படிக் குடிக்கிறவர் ஒரே நாளில் தானாக நிறுத்தவே கூடாது. கூட்டத்தில் உட்காருவதற்கு முன்னால் அவர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காயில் சுற்றும்போது செப்புக் கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படிய வேண்டும், ஸ்லாட்டுக்குள் காகிதத்தை மடித்து வைக்க வேண்டும். காலையில் என் கை அந்தக் காகிதத்தைப் பிடிக்காது. விரல் ஆடும். இரண்டு மடக்கு உள்ளே போனால் நின்றுவிடும். அதனால் குடிதான் எனக்கு மருந்து என்று நம்பினேன். ஒரு பொங்கலுக்கு வீம்பாக நிறுத்தினேன். முதல் நாள் நடுக்கம், வியர்வை. மறுநாள் பட்டறையிலேயே வலிப்பு வந்து விழுந்தேன். பையன்கள் கையில் சாவியைத் திணித்திருக்கிறார்கள்.

இது எனக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை. நாள்பட்டுக் குடித்தவர் நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது என்று போகும். நம் ஊரில் பேய் அடித்துவிட்டது என்பார்கள். அந்தக் கட்டத்தில் உயிரே போகலாம். மருந்து கொடுத்து, கண்காணிப்பில் வைத்துக் குடியை நிறுத்தினால் பெரும்பாலும் ஆபத்தில்லாமல் கடந்துவிடலாம். அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கிடையாது.

இன்னொன்று. தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டால் தெளிந்துவிடும் என்று அழைத்துப்போவார்கள், நீ விடாதே. குடித்தே வயிற்றை ஓட்டியவர் உடம்பில் தயமின் என்கிற பி1 சத்து வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். இத்தனை வருஷம் குடிக்கிறார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மானம் போகிறது என்று வயிற்றுவலி மட்டும் சொல்லி அட்மிட் ஆகிறார்களே, அங்கேதான் வினையே.

ஜூன் 16

ஒரு அம்மா, தனியார் போதைமீட்பு மையம் நடத்துகிறவர்கள் ராத்திரியில் வேனில் வந்து தூக்கிப்போவார்களாம், சரியா என்று கேட்டிருக்கிறார். கூடாதம்மா. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அப்படிப்பட்ட மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லி நீங்கள் கேட்கலாம். என்னை ஓரிடத்தில் சங்கிலியில் வைத்திருந்தார்கள். வெளியே வந்த அன்று நேராகக் கடைக்குத்தான் போனேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஜூன் 22

தம்பியின் அப்பா தஞ்சாவூரில் அட்மிட் ஆகியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். வெளியே வந்ததும் எந்தக் கூட்டம் என்பதை இப்போதே யோசித்து வை.

ஊருக்குள்ளேயே வேண்டும் என்றாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊருக்குள் நடந்தால் அப்பா போக மாட்டார். குடித்துவிட்டு வாய்க்கால் மதகில் கிடந்ததை ஊரே பார்த்திருக்கிறது, அதற்கு அவர் கூசவில்லை. ஆனால் திருந்துவதற்காக ஒரு வாசற்படி ஏறுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசுவார். இது விசித்திரம்தான், ஆனால் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். டீக்கடையில் மறுநாளே பேச்சாகிவிடும், அதற்குப் பயந்து நிறுத்திவிடுவார். பக்கத்து டவுனுக்குப் போகட்டும். அங்கே அவர் யாரோ ஒருவர். பழகிய பிறகு அவரே ஊரில் சொல்லிக்கொள்வார்.

எந்த டவுன் என்பதைக் கிலோமீட்டர் பார்த்து முடிவு செய்யாதே, திரும்பி வருகிற பஸ்ஸைப் பார்த்து முடிவு செய். நான் இதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகும் அளவுக்குச் சொல்கிறேன். கூட்டத்துக்குப் போகும்போது மனசு ஒரு தினுசாகக் கெட்டிப்பட்டிருக்கும், வழியில் இழுக்காது. முடிந்து வெளியே வரும்போது ராத்திரி எட்டு, எட்டரை ஆகியிருக்கும். உள்ளே எல்லாவற்றையும் கொட்டியிருப்போம், நெஞ்சு திறந்து கிடக்கும். பஸ் வர முக்கால் மணி ஆகும். கடை பத்து மணி வரை திறந்திருக்கும். அந்த முக்கால் மணி நேரத்தில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக வருகிற மன்னார்குடி பஸ்ஸா, தஞ்சாவூரிலிருந்து அம்மாப்பேட்டை வழியா, ரயிலா, எது உங்கள் ஊர் விலக்கில் நேராக இறக்கிவிடும் என்று பார். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் ஆகிற தாமதத்தையும் கணக்கில் வை. நடுவில் பஸ் மாறுகிற ஊர் வேண்டாம்.

ஞாயிறு காலையில் நடக்கிற கூட்டம் கிடைத்தால் முதல் சில மாதத்துக்கு அதையே பிடி. கடை திறப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஜூன் 23

நேற்று பஸ்ஸைப் பற்றியே எழுதிவிட்டேன், பைக் வைத்திருக்கிறவர்கள் என்ன செய்வது என்று ஒருவர் கேட்கிறார். பைக் இன்னும் சிக்கல், நினைத்த இடத்தில் நிற்கும். அதே திசையில் போகிற இன்னொரு உறுப்பினரைப் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டால் யாராவது ஒருவர் கட்டாயம் வருவார். என்னை ரொம்ப நாள் ஒரு பெரியவர் அப்படித்தான் பட்டறை வாசல் வரை விட்டுவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பிப்போனார். அவருக்கு அது எதிர்த்திசை.

ஜூலை 2

உள்ளே என்ன நடக்கும் என்று அப்பா கேட்கச் சொன்னாராம். அவர் கேட்டதே நல்ல சகுனம்.

பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, ஃபேன். ஒருவர் நடத்துவார், தலைவர் என்றெல்லாம் இல்லை, இந்த வாரம் இவர், அடுத்த வாரம் வேறொருவர். தொடக்கத்தில் சில வரிகள் வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார்கள். குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. பேச விருப்பமில்லையா, கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாம். நான் முதலில் போனபோது வாயே திறக்கவில்லை. மூடிய கூட்டம் என்றால் குடிநோயாளிகள் மட்டும். திறந்த கூட்டம் என்றால் நீயும் கூட வரலாம். போனில் கேட்கும்போது இதையும் கேட்டுக்கொள்.

அழுகையும் உண்டு, சிரிப்பும் உண்டு. பாட்டிலை வைக்கோல் போரில் ஒளித்து வைத்துவிட்டு, மாடு இழுத்துப் போட்டதால் மாட்டிக்கொண்ட கதையை ஒருவர் சொன்னபோது கூடமே குலுங்கியது. அந்த ஒளித்துவைப்பு எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வேலை.

கடவுள் என்ற பேச்சு வரும். சர்ச்சில் நடப்பதால் மதம் மாற்றுகிறார்கள் என்று சிலர் கிளப்பிவிடுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை, வாடகை குறைவாக இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். எந்த மதத்தோடும் கட்சியோடும் ஏ.ஏ.வுக்குச் சம்பந்தமில்லை. ஒருவர் வேளாங்கண்ணி மாதாவை நினைத்துக்கொள்வார், ஒருவர் நாகூர் ஆண்டவரை, நான் எங்கள் ஐயனாரை. ஒன்றையும் நம்பாதவரும் எங்களோடு நன்றாகத்தான் இருக்கிறார்.

ஜூலை 3

இது எப்படி ஆரம்பித்தது என்று அப்பாவுக்குச் சொல், மூட்டை தூக்குகிறவருக்கு இது பிடிக்கும். 1935, அமெரிக்காவில் ஏக்ரான் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வியாபாரத்துக்காக வந்த பில் என்பவருக்குக் காரியம் தோற்றுவிட்டது. ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் போன் பக்கம் போய், ஊரிலுள்ள பாதிரிமார்கள் எண்ணைத் தேடி, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்கிறார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப், அறுவை மருத்துவர். அவருக்கும் கை ஆடும். ஆபரேஷனுக்கு முன்னால் கை நிற்க வேண்டுமே என்று கடைசியாக ஒரு பீர் குடித்தார், அதோடு சரி. அந்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாக வைத்திருக்கிறோம். கை ஆடுகிற ஆள் எந்த ஊரானாலும் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி.

ஜூலை 9

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற மருந்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். டாக்டர் எழுதித் தருகிற டைசல்ஃபிராம் மாத்திரையை விவரம் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது வேலி. அதன்மேல் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி எடுக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் விழும். தெரியாமல் கொடுத்திருந்தால் அவர் வழக்கம்போல் அரைபாட்டிலை ஊற்றிக்கொள்வார், உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட அதன் வேலை இருக்கும். அதுவும் தவிர, சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று தெரிந்த பிறகு அந்த வீட்டில் அவர் எப்படிச் சாப்பிடுவார்? என் வீட்டில் ஒருகாலத்தில் யாரோ கொடுத்த பொடியைக் கலந்தார்கள். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. படித்துறையில் நல்ல கூட்டம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டால் போதாதா, கூட்டம் எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார்.

கயிற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன் ஐயா. ஐயப்பனுக்கு மாலை போட்ட 48 நாளும் சொட்டுத் தொடாமல் இருந்தவன் நான். அவ்வளவு நாள் இருக்க முடிந்ததே, நான் எப்படிக் குடிநோயாளி என்று அதையே சாட்சியாக வைத்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று ராத்திரி என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். கயிற்றுக்கும் மாலைக்கும் ஒரு கெடு இருக்கிறது. கெடு முடிகிற நாளை மனசு எண்ணிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் அப்படிக் கெடு இல்லை, இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதுதான் பேச்சு. நாளைக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம். கயிறு கட்டியிருக்கிறவர் கயிற்றோடு வரட்டும், ஒன்றுக்கொன்று விரோதமில்லை. மாலை கழற்றுகிற அன்று சாயங்காலம் மட்டும் கட்டாயம் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 16

அப்பா ஒரு தடவை போய்விட்டு வந்து, "அவங்க அளவுக்கு நான் இல்லப்பா, வீட்டை விற்றவன், பெண்டாட்டியை அடிச்சவன் எல்லாம் இருக்கான்" என்றாராம். அடுத்த வாரம் போகவில்லை.

கவலைப்படாதே. இதைச் சொல்லாதவர் குறைவு. புதிதாக வருகிறவர் காது, தனக்குப் பொருந்தாததைத்தான் முதலில் பிடிக்கும். வீட்டை விற்றதைக் கேட்பார், காலையில் ஒளித்துவைத்த குவார்ட்டரைப் பற்றி அதே ஆள் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டார். வாதாடாதே. வேறொரு கூட்டத்துக்கு ஒருமுறை அழைத்துப்போ. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முகம் இருக்கிறது, ஒன்றில் பிரசங்கம் தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் எல்லாரும் கூலிவேலைக்காரர்களாக இருப்பார்கள். முதல் தடவையை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். இரண்டாவது தடவை போகிறவர்தான் தங்குகிறார், நான் பார்த்த மட்டில்.

ஆகஸ்ட் 17

போனில் நடக்கிற ஆன்லைன் கூட்டத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள். மழைக்காலத்தில், வயல் வேலை நெருக்குகிறபோது அது பெரிய உதவி. ஆனால் புதியவருக்கு அதையே முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன். நேரில் போனால் கையைப் பிடிப்பார்கள். எனக்கு அந்தக் கைதான் முக்கியமாக இருந்தது.

செப்டம்பர் 7

தம்பி, இதுவரை அப்பாவைப் பற்றியே எழுதினாய். அம்மா எப்படி இருக்கிறார்? நீ?

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸ் 1951-இல் தொடங்கியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். குடிக்கிறவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் வீட்டார் போகலாம். அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது மூன்று விஷயம்: இந்த நோயை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் அடக்க முடியாது, நம்மால் குணமாக்கவும் முடியாது. என் வீட்டுக்காரி இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று ரொம்ப நேரம் பேசவே இல்லை. நான் குடித்த காலம் முழுவதும் என் சட்டைப்பையைத் தடவுவது, வாசலில் நின்று மோந்து பார்ப்பது, கடன்காரனுக்குப் பொய் சொல்வது என்று அவள் நாள் கழிந்திருக்கிறது. அதற்குப் பிறகு என் சார்பில் பொய் சொல்வதை நிறுத்தினாள். "அவர் படுத்திருக்கார், குடிச்சிருக்கார்" என்று மோட்டார் கேட்டு வந்தவரிடம் நேராகச் சொன்னாள். எனக்கு அன்று வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் கூட்டத்துக்குப் போக அந்த ஒரு வாக்கியமும் ஒரு காரணம்.

அல்-அனான் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஏ.ஏ. உறுப்பினர்களின் மனைவிமாரைக் கேட்டால் எங்கே என்று சொல்வார்கள். மனசு தாங்காத ராத்திரியில் 14416 என்கிற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

செப்டம்பர் 28

படித்தேன் தம்பி. பெரியப்பா கருமாதிக்குப் போன இடத்தில் அப்பா குடித்துவிட்டார். நம் பக்கம் சாவு வீட்டில் கிளாஸை நீட்டுவதை மரியாதை என்றே வைத்திருக்கிறோம், வேண்டாம் என்றால் செத்தவருக்கே அவமரியாதை என்பார்கள்.

திட்டாதே. கூட்டத்துக்குப் போனதெல்லாம் வீண் என்று அம்மாவைச் சொல்லவிடாதே. இத்தனை நாள் குடிக்காமல் இருந்தது அப்படியே இருக்கிறது, எங்கேயும் போகவில்லை. ஒரு நாள்தானா, தொடர்கிறதா என்று பார். தொடர்ந்து குடித்திருந்தால் ஜூன் 15 அன்று எழுதியதை மறுபடி படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போ. ஒரு நாள்தான் என்றால் இந்த ஞாயிறே கூட்டத்துக்குப் போகட்டும். குடித்துவிட்டேன் என்று அங்கே சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், மறுபடி வாருங்கள் என்றுதான் சொல்வார்கள். இனி சாவுக்குப் போனால் மாலையைப் போட்டுவிட்டு, காரியம் ஆனதும் கிளம்பி வந்துவிடட்டும். ராத்திரி தங்க வேண்டாம். யார் கோபித்தாலும் கோபிக்கட்டும்.

அக்டோபர் 5

அப்பா ஞாயிறு போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம், அங்கே ஒருவர் தன் நம்பரையும் கொடுத்திருக்கிறாராம். அவரை விட்டுவிட வேண்டாம் என்று சொல். குடிக்கத் தோன்றும்போது கூப்பிட ஒரு ஆள் வேண்டும், குடித்த பிறகு கூப்பிட்டுப் பயனில்லை.

இப்போது குறுவை கொள்முதல் சூடுபிடிக்கும். மூட்டைக் கூலி சாயங்காலமே கைக்கு வரும், கூட வேலை செய்கிறவர்கள் நேராகக் கடைக்குத்தான் போவார்கள். வேலையை விடு என்று சொல்ல முடியாது, பிழைப்பு அது. கூலியை அன்றாடம் வாங்காமல் வாரக் கடைசியில் அம்மாவிடம் கொடுக்கும்படி மேஸ்திரியிடம் அப்பாவே பேசட்டும், நீ பேசாதே. வேலை முடிகிற நேரத்தில் நீயோ அந்த நம்பர் கொடுத்தவரோ சென்டர் வாசலில் நிற்கலாம். அது எந்த ஊர் சென்டர் என்று எழுது, அந்தப் பக்கம் மோட்டார் இறக்கப் போகும்போது நானும் வந்து அப்பாவைப் பார்க்கிறேன்.